நாவுக்கு ஒவ்வாதது ஹராம் ஆகுமா?

பிரயாணம் வேதனையின் ஒரு துண்டு என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய ஹதீஸை நம்மில் பெரும்பாலோர் கேட்டிருப்போம். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் அது இடம் பெற்றிருக்கிறது. ஆனால் அதிலுள்ள ஒரு விவரத்தை நாம் கவனிக்காமல் கடந்து விடுகிறோம். பிரயாணத்தின் வேதனை இன்னதென்று விளக்கும்போது நாயகம் (ஸல்) அவர்கள் கொள்ளையரையோ கொளுத்தும் வெயிலையோ சொல்லவில்லை. மனிதனுக்கு அவனுடைய உணவும் பானமும் உறக்கமும் தடைப்பட்டுப் போவதைத்தான் சொன்னார்கள். புகாரியின் அறிவிப்பில் முதலாவதாக நிற்பதும் உணவுதான். ஊரை விட்டுப் போனவனுக்கு முதலில் அந்நியமாவது சோறு என்பதை, வாலிபப் பருவத்தில் வணிகக் கூட்டத்தோடு ஷாம் தேசம் சென்று வந்த நாயகம் (ஸல்) அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம் சமுதாயத்தில் இன்று பிரயாணம் தொடாத வீடு எது? மகன் வளைகுடாவில் இருப்பான்; மருமகன் சிங்கப்பூரில் இருப்பார்; பேத்தி ஜெர்மனியிலோ ஜப்பானிலோ மேற்படிப்புப் படிப்பாள். பிள்ளைப்பேறு பார்க்க மலேசியா போகும் தாய்மார்களும், ஹஜ்ஜுக்குப் போகும் முதியவர்களும் எல்லா ஊர்களிலும் உண்டு. இவர்களெல்லாம் நம்மிடம் கேட்கும் மஸ்அலாக்களில் பாதிக்கு மேல் தட்டைப் பற்றியவை. அவற்றில் கணிசமானவை உண்மையில் மஸ்அலாக்களே அல்ல. கேட்பவருக்கு ஓர் உணவு பிடிக்கவில்லை. அதை நாம் ‘கூடாது’ என்று சொல்லிவிட்டால் அவருக்கு நிம்மதி! ‘ஆகும்’ என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது.

இதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. தன் நாவுகளின் போக்குக்கு இது ஹலால், இது ஹராம் என்று பொய்யாகச் சொல்லி அல்லாஹ்வின் மீது இட்டுக்கட்டுவோரைத் திருமறையின் ‘நஹ்ல்’ அத்தியாயம் 116-வது வசனம் கடுமையாக எச்சரிக்கிறது. பன்றி இறைச்சியை ஹலால் என்பவன் மட்டுமல்ல, அல்லாஹ் அனுமதித்த ஒன்றைத் தன் வாய் ஏற்கவில்லை என்பதற்காக ஹராம் என்பவனும் அந்த எச்சரிக்கைக்குள் வந்து விடுகிறான்.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் நடந்த நிகழ்ச்சியை இவ்விடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். ‘ளப்பு’ என்னும் பாலைவனப் பிராணியைச் சுட்டு வைத்திருந்தார்கள். (இதைத் தமிழில் உடும்பு என்று எழுதி விடுகிறோம். ஆனால் இது நம்மூர் உடும்பு அன்று. முள் வாலும் பருத்த உடலும் கொண்டு, பெரும்பாலும் செடி கொடிகளைத் தின்று வாழும் வேறோர் இனம். நம்மூர் உடும்பைப் பிடிப்பதோ, நாட்டின் சட்டப்படியே குற்றம். ஹதீஸைப் படித்துவிட்டு யாரும் கொல்லைக்குப் போய்விட வேண்டாம்.) அன்னையவர்களின் சகோதரி நஜ்து பகுதியிலிருந்து கொண்டுவந்து அன்பளிப்பாகத் தந்தது அது. அன்னையவர்களைத் தாயின் சகோதரி என்று உறவு கொண்டாடும் இருவர், காலித் இப்னுல் வலீத் (ரலி) அவர்களும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களும், அந்த விரிப்பில் அமர்ந்திருந்தனர். நாயகம் (ஸல்) அவர்களின் கை உணவை நோக்கி நீண்டபோது, அங்கிருந்த பெண்களில் ஒருவர், இது என்ன உணவு என்பதை நாயகத்திடம் சொல்லிவிடுங்கள் என்றார். சொல்லப்பட்டது. கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா, அல்லாஹ்வின் தூதரே என்று காலித் (ரலி) கேட்டார்கள். இல்லை, என் சமூகத்தாரின் பூமியில் இது இருந்ததில்லை, ஆகவே என் மனம் இதை ஒப்பவில்லை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதிலிருந்து சட்டம் எடுத்த இமாம்கள் தம்முள் வேறுபட்டார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அது ஆகும், ஹனஃபி மத்ஹபில் மக்ரூஹ். சட்டத்தை அத்துடன் விடுவோம். நாம் பார்க்க வேண்டியது மறுத்த விதம். அகிலத்தின் ஹலால் ஹராமை அறிவிக்க வந்த தூதர், ஒரு சொல் சொன்னால் சட்டமாகிவிடும் என்ற நிலையில் இருந்தவர்கள், தமக்குப் பிடிக்காத உணவை மறுத்தபோது மார்க்கத்தைத் துணைக்கு அழைக்கவில்லை. ‘என் பூமி’, ‘என் மனம்’ என்று காரணத்தைத் தம் மீதே போட்டுக்கொண்டார்கள். உணவின் மீது குற்றமில்லை. சமைத்தவர் மீது குற்றமில்லை. எதிரில் உட்கார்ந்து உண்பவர் மீதும் குற்றமில்லை. உண்ணாதவரும் உண்டவரும் ஒரே விரிப்பில் இருந்தார்கள்.

நம்மவர்கள் செய்வது என்ன? ஹஜ்ஜுக்குச் சென்ற இடத்தில், பக்கத்துக் கூடாரத்து ஆப்பிரிக்கச் சகோதரர் கையால் பிசைந்து உண்ணும் மாவுக் களியைப் பார்த்து முகம் சுளிக்கிறோம். அவர் நம் புளிக்குழம்பின் நிறத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று ஒரு விநாடியும் யோசிப்பதில்லை. கஜாக் முஸ்லிம்கள் குதிரை இறைச்சியை விருந்தினருக்குரிய உயர்ந்த உணவாக வைக்கிறார்கள். நம் ஊரிலிருந்து போனவருக்கு அதைக் கேட்டாலே வயிறு புரளும். புரளட்டும், அது அவருடைய உரிமை. ஆனால் ‘அங்கே ஹலால் ஹராம் தெரியாத முஸ்லிம்கள்’ என்று ஊருக்கு வந்து அவர் சொன்னால் அது அவதூறு. ஷாஃபிஈ மத்ஹபில் குதிரை இறைச்சி ஆகும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதை வெறுத்தார்கள் என்றாலும், அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) இருவரும் அனுமதித்திருக்கிறார்கள். ஹனஃபிகளான கஜாக்குகளுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை.

கற்றவர்களுக்கும் இந்த வழுக்கல் உண்டு. தாஞ்சியரில் 1304-ல் பிறந்து, உலகின் பெரும்பகுதியைச் சுற்றி, டில்லியிலும் மாலத்தீவிலும் காழியாக இருந்த இப்னு பதூதாவை அறியாதவர் இல்லை. 1352-ல் அவர் மாலி தேசத்துக்குப் போனார். அரசரின் விருந்துபசாரம் வருகிறது, எழுந்திருங்கள் என்று சொன்னார்கள். பட்டாடைகளும் பணமும் வரும் என்று எதிர்பார்த்து எழுந்தார். வந்தவை மூன்று ரொட்டிகள், பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, ஒரு சுரைக்குடுக்கையில் தயிர். தாம் சிரித்துவிட்டதாகவும், இத்தனை அற்பமானதை இவ்வளவு பெரிதாக எண்ணுகிறார்களே என்று அவர்களுடைய அறிவைக் குறித்து வியந்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அதே பயண நூலில், அந்த நாட்டில் வழிப்போக்கனுக்கு இருந்த பாதுகாப்பையும், ஜும்ஆவுக்கு இடம் பிடிக்க முன்கூட்டியே முஸல்லாவை அனுப்பி வைக்கும் ஆர்வத்தையும், குர்ஆனை மனனம் செய்வதில் அவர்கள் காட்டிய கண்டிப்பையும் மனமாரப் புகழ்கிறார். நீதியும் தொழுகையும் இத்தனை செழித்த ஒரு நாட்டை, முதலில் அவர் அளந்தது ஒரு தயிர்க் குடுக்கையால்!

அதே இப்னு பதூதாவை வேறோர் ஊர் அளந்த கதையும் உண்டு. துருக்கியின் வடகரையில் உள்ள ஸினோப் நகரில் அவரும் தோழர்களும் கைகளைக் கட்டாமல் தொழுதார்கள். அவர்கள் மாலிகி மத்ஹபினர். ஊரார் ஹனஃபிகள், மாலிகிகளின் தொழுகையைக் கண்டறியாதவர்கள். ஹிஜாஸிலும் இராக்கிலும் ஷீஆக்கள் கைகளைத் தொங்கவிட்டுத் தொழுவதைப் பார்த்திருந்த சிலர் சந்தேகப்பட்டு விசாரித்தார்கள். மாலிகிகள் என்று சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் அதிகாரி ஒருவர் முயல் ஒன்றை அனுப்பி, அதை என்ன செய்கிறார்கள் என்று பார்த்து வர ஆள் வைத்தார். ஷீஆக்கள் முயல் உண்பதில்லை. இவர்கள் அதை அறுத்துச் சமைத்துச் சாப்பிட்டார்கள். சந்தேகம் தீர்ந்தது, உபசாரமும் வந்து சேர்ந்தது. ஒரு கிப்லாவை நோக்கித் தொழுபவனின் வாக்கை நம்பாத ஊர், அவன் சட்டியில் வெந்த முயலை நம்பியது. தொழுகையில் குனூத் ஓதாததற்கும் ஓதியதற்கும் வெளியூர்ப் பள்ளிகளில் முறைத்துப் பார்க்கும் நம்மவர்கள் இதைப் படிக்க வேண்டும். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பக்தாதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்துக்கு அருகே சுப்ஹு தொழுதபோது, அவர்கள் மீதுள்ள மரியாதையால் குனூத்தை விட்டார்கள் என்று சொல்லப்படுவதுண்டு.

நம் நாட்டுக்கும் இப்னு பதூதா வந்திருக்கிறார். 1340-களில் மதுரையில் கொள்ளைக் காய்ச்சல் பரவியிருந்தபோது அவரும் அதில் விழுந்தார். அங்கே தாராளமாகக் கிடைத்த புளியை ஏறத்தாழ ஒரு ராத்தல் எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாராம். மூன்று நாள் வயிறு போயிற்று, அல்லாஹ் சுகமளித்தான். புளிக்கு அரபியில் ‘தம்ரு ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சம்பழம் என்று பெயர். நம் வீட்டுப் பெண்கள் தினமும் கரைக்கும் இந்தப் புளியும் யாரோ ஒரு பிரயாணிக்கு அந்நிய தேசத்துப் பொருள்தான்.

நாவு பழகக் கூடியது என்பதற்கும் ஹதீஸில் சான்று உண்டு. தையற்காரர் ஒருவர் அளித்த விருந்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சுரைக்காய்த் துண்டுகளைத் தட்டில் தேடி எடுத்து உண்டதைக் கண்ட அனஸ் (ரலி) அவர்கள், அன்று முதல் தமக்குச் சுரைக்காய் பிரியமாயிற்று என்கிறார்கள். யாரும் கட்டளையிடவில்லை. அன்பு நாவையும் திருப்பி விட்டது. தபூக் யாத்திரையில் நாயகம் (ஸல்) அவர்களிடம் பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டபோது, கத்தி ஒன்றைக் கேட்டு வாங்கி பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்ததாக அபூதாவூதில் வருகிறது. பிரயாணமொன்றில் ஷாம் தேசத்து ஜுப்பா அணிந்திருந்தார்கள். அதன் கைகள் இறுக்கமாக இருந்ததால் உளூச் செய்யக் கைகளை உள்ளிருந்து வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அந்நிய தேசத்து உடை என்று அதை ஒதுக்கவுமில்லை. அது இறுக்கமாயிற்றே என்று உளூவைக் குறைக்கவுமில்லை.

இந்த உளூவின் இடத்தில்தான் மறு பக்கம் தொடங்குகிறது. மலேசியாவிலோ வளைகுடாவிலோ உணவு பழக்கமில்லாதது என்பதைத் தவிர பெரிய சிரமமில்லை. ஜப்பான், கொரியா, ஐரோப்பா போன்ற இடங்களில் பார்வைக்குக் காய்கறியாக இருப்பதில்கூட ஜெலட்டினும் பன்றிக் கொழுப்பும் கலந்திருக்கக்கூடும். ஜப்பானியர் குழம்பில் சேர்க்கும் ‘மிரின்’ என்பது அரிசியிலிருந்து செய்யப்படும், சாராயச் சத்துள்ள இனிப்புத் திரவம். இங்கே ‘ஊரோடு ஒத்து வாழ்’ என்று எவரும் உபதேசிக்க வேண்டாம். கேட்டுத் தெரிந்து, சீட்டில் எழுதியிருப்பதைப் படித்து, ஹலால் என்று மனம் அமைதி பெற்ற பிறகே உண்ண வேண்டும். விடுதியில் மாற்று மதத்தாரோடு சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் பிள்ளைகள் பாத்திரங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். அபூஸஃலபா (ரலி) அவர்கள் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். வேறு பாத்திரம் கிடைத்தால் அதில் உண்ணுங்கள். கிடைக்காவிட்டால் நன்றாகக் கழுவிவிட்டு அதில் உண்ணுங்கள் என்பது அவர்களுக்குக் கிடைத்த பதிலின் கருத்து. புதுச் சட்டி ஒன்று வாங்கிக்கொண்டால் மன உளைச்சலே இல்லை. வாங்க முடியாதவன் கழுவிக்கொள்ளட்டும். பட்டினி கிடக்க வேண்டியதில்லை.

நிர்ப்பந்தம் என்ற சொல்லை நம் இளைஞர்கள் மிகவும் மலிவாக்கி விட்டார்கள். உயிர் போகும், அல்லது பெருந்தீங்கு நேரும் என்ற நிலையைத்தான் ஃபுகஹாக்கள் நிர்ப்பந்தம் என்கிறார்கள். முதலாளி வருத்தப்படுவார், கூட்டாளிகள் சிரிப்பார்கள் என்பது அந்தக் கணக்கில் சேராது. மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதைத் திர்மிதீயில் உள்ள ஹதீஸ் தடுக்கிறது. கம்பெனி விருந்துகளில் இது தினப் பிரச்சினையாக இருப்பதை நாம் அறியாமலில்லை. வெளிநாட்டில் பணிபுரியும் ஒரு தம்பி இதைப் பற்றி நம்மிடம் பேசியபோது, ஒவ்வொரு முறையும் தமக்கு ‘அலர்ஜி’ என்றும் ‘டாக்டர் வேண்டாம் என்றார்’ என்றும் சொல்லித் தப்பித்துக்கொள்வதாகச் சொன்னார். ஹராமிலிருந்து தப்பியது நல்லதே. ஆனால் நாம் அவரிடம் கேட்டோம்: ஊருக்கு வந்தால் பிடிக்காத பதார்த்தத்தை ‘மார்க்கத்தில் கூடாது’ என்கிறீர்கள், அங்கே மார்க்கத்தில் கூடாததை ‘உடம்புக்கு ஆகாது’ என்கிறீர்கள். இரண்டும் ஏன் இடம் மாறிக் கிடக்கின்றன? அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, மேலதிகாரியிடம் விஷயத்தை ஒருமுறை தனியாகச் சொல்லிவிடுகிறேன் என்றார். அப்படியே சொன்னாராம். அடுத்த மாத விருந்தில் அவருக்கென்று தனி மேசையும் மீன் உணவும் வந்தன. எல்லா அதிகாரிகளும் இப்படி இருப்பார்கள் என்று நாம் உறுதி கூற மாட்டோம். மரியாதையாகவும் முன்கூட்டியும் சொல்லப்படும் ‘என் மார்க்கம் தடுக்கிறது’ என்ற சொல்லுக்கு நாம் பயப்படும் அளவு விரோதிகள் இல்லை என்பது நம் எண்ணம்.

உணவைப் போலத்தான் முகமன் முறைகளும். அமீரகத்தார் மூக்கோடு மூக்கை வைத்து முகமன் கூறுவதும், மலாய்க்காரர் கை கொடுத்தபின் தம் கையை நெஞ்சில் வைத்துக்கொள்வதும், சுட்டு விரலுக்குப் பதில் பெருவிரலால் வழிகாட்டுவதும் நமக்குப் புதுமை, தவறு ஒன்றுமில்லை. கற்றுக்கொண்டால் அவர்களுக்குச் சந்தோஷம். ஜப்பானியர் குனிந்து வணங்குவது அப்படியல்ல. சந்திக்கும்போது சகோதரனுக்குக் குனியலாமா என்று கேட்கப்பட்டு, கூடாது என்றும், கை கொடுக்கலாம் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்ததாகத் திர்மிதீயில் உள்ளது. ருகூஉ அளவு குனிவதை அறிஞர்கள் கண்டிப்பாக விலக்குகிறார்கள். தலையை இலேசாக அசைத்து, கையை நெஞ்சில் வைத்துப் புன்னகைத்தால் எந்த ஜப்பானியரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

தூரதேசத்தில் ஊர்ச்சோற்றுக்கு ஏங்குவது பலவீனம் என்று சிலர் பிள்ளைகளைக் கண்டிக்கிறார்கள். நோன்புக் கஞ்சியை நினைத்து அழும் மகளிடம் ‘சபூர் செய்’ என்று மட்டும் போனில் சொல்லி வைத்து விடுகிறார்கள். ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த புதிதில் காய்ச்சலில் கிடந்த பிலால் (ரலி) அவர்கள், மக்காவின் புல்லையும் அதன் நீர்நிலைகளையும் பெயர் சொல்லி ஏங்கிப் பாடினார்கள். தம்மைச் சுடுமணலில் கிடத்தி வதைத்த ஊர் அது! நாயகம் (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தைக் கண்டிக்கவில்லை. மக்காவைப் போலவோ அதைவிடவும் அதிகமாகவோ மதீனாவை எங்களுக்குப் பிரியமாக்கி வை என்று இறைவனிடம் துஆச் செய்தார்கள். பழைய ஊரை மறக்கச் சொல்லவில்லை. புதிய ஊரிலும் அன்பைக் கேட்டார்கள். கோலாலம்பூரில் கம்போங் பாரு பள்ளிவாசல் ரமளானில் ‘புபூர் லம்புக்’ என்ற கஞ்சிக்குப் பெயர் பெற்றது. நம் கஞ்சியின் ருசி வேறு, அதன் ருசி வேறு. நோன்பாளிக்குக் கஞ்சி ஊற்றும் கை ஒன்றுதான் என்று அந்த மகளுக்குச் சொல்லிப் பாருங்கள்.

போன இடத்தைப் பற்றியே பேசிவிட்டோம். திரும்பி வருவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பத்து ஆண்டு அரபு நாட்டில் இருந்துவிட்டு வரும் சிலர், அங்குள்ள எல்லாவற்றையும் ஸுன்னத் என்று மூட்டை கட்டிக்கொண்டு வருகிறார்கள். அரபியின் நீண்ட அங்கி, அவருடைய கப்ஸா, அவர் காபி குடிக்கும் சிறு கோப்பை எல்லாமே மார்க்கமாகி, தாய் வைத்த மீன் குழம்பும் தந்தையின் கைலியும் அஞ்ஞானமாகி விடுகின்றன. நாயகம் (ஸல்) அவர்கள் மனித இயல்பாலும் நாட்டு வழக்காலும் செய்தவற்றையும், மார்க்கமாகக் கற்றுத் தந்தவற்றையும் உஸூல் கலை வல்லுநர்கள் பிரித்தே பேசியிருக்கிறார்கள். அனஸ் (ரலி) அவர்களைப் போல் அன்பினால் ஒருவர் சுரைக்காயை விரும்பினால் அது அவருக்கு நற்கூலியாகட்டும். அவரும் பக்கத்து வீட்டாரைப் பார்த்து, சுரைக்காய் தின்னாதவன் ஸுன்னத்தை விட்டவன் என்று சொல்லவில்லையே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். கூடி உண்பதில் பரக்கத் உண்டென்பது மார்க்கம் சொன்னது. சஹனின் அளவும் அதில் வைக்கும் களரிக் கறியும் ஊரார் சேர்த்தவை. இந்த வித்தியாசம் தெரிந்தவர் தாயின் சமையலைப் பழிக்கமாட்டார்.

நம் ஊர்ப் பள்ளிவாசல்களுக்கும் வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள். அப்போது பிரயாணி அவர்; ‘என் சமூகத்தாரின் பூமி’ என்று சொல்லும் உரிமையும் அவருடையது. நாம் மிளகாய் மிதக்கும் பிரியாணியை ‘சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள்’ என்று குவித்து, அவர் கண்ணில் நீர் வருவதை ஆனந்தக் கண்ணீராக எண்ணிக்கொள்கிறோம். அன்னை மைமூனா (ரலி) அவர்கள் வீட்டில், இது இன்ன உணவு என்று முதலில் சொல்லச் செய்தவர் ஒரு பெண். அது போல, விரிப்பு விரித்தவுடன் எதில் காரம் அதிகம், எதில் கருவாடு, எதில் இறால் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பரிமாறலாம். இறாலைப் பற்றி ஹனஃபி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வந்தவர் அதைத் தவிர்ப்பவராக இருக்கலாம். வெறும் சோறும் கொஞ்சம் தயிரும் ஓரமாக எடுத்து வைத்திருந்தால், அவர் எதை எடுத்தாலும் நாம் எதிரில் உட்கார்ந்து நம் காரத்தை நிம்மதியாக உண்ணலாம்.